கடிகாரம் வரும் பக்கம்

எனக்கு இரத்தம் என்றாலே தலை சுற்றும். ஊசி போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதனால்தான், ஐயா, கல்லூரியில் பாடமாக வைத்த அந்தக் கொலை நாவலை நான் படிக்கவில்லை. பாடம் நடத்தினேன், படிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

பின்னட்டை போதுமானதாக இருந்தது. பெரிய வீடு, பணக்காரப் பெரியப்பா, விருந்துக்கு வந்த உறவினர்களில் ஒருவர் அவரை முடித்துவிடுகிறார். யார் என்று பின்னட்டையில் போடவில்லை. "அதை நீங்களே கண்டுபிடியுங்க, அதுதான் வாசிப்பு" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

சிக்கல், அந்த நாவலுக்கு நான் எழுதிக்கொடுத்த நோட்ஸில் வந்தது. பதிப்பாளர் போன் செய்தார்.

"சார், கருப்பொருள் எழுதிட்டீங்க. குறியீடுங்கிற தலைப்பு மட்டும் மொட்டையா நிக்குது. மத்தியானம் அச்சுக்குப் போகணும்."

"கடிகாரம்னு போடுங்க. கொலை நடந்த நேரத்துல நின்னுபோச்சு. மனசாட்சியோட குறியீடு."

"பிரமாதம் சார். ரெண்டு பக்கம் வருமா?"

"மூணு வரும்."

வந்தது. அடுத்த மாதமே என் மாணவி ஒருத்தி, பேருந்து ஓட்டுநரின் மகள், ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள். கையில் நாவல்.

"சார், கடிகாரம் எந்தப் பக்கத்துல வருது?"

"குறியீடும்மா. கண்ணுக்குத் தெரியாது."

"மத்ததெல்லாம் தெரியுதே சார்."

சிரித்து அனுப்பினேன். நல்ல பெண்தான்.

தேர்வு வந்தது. கேள்வித்தாள் தயாரித்தவர் எங்கோ வெளியூர். அவரும் என் நோட்ஸைத்தான் படித்திருக்கிறார். 'நின்றுபோன கடிகாரத்தின் குறியீட்டை விளக்குக.' விடைத்தாள்கள் என்னிடமே வந்தன. நாற்பது பேர் கடிகாரத்தை விளக்கியிருந்தார்கள். ஒருவன் அது நாலேகாலுக்கு நின்றது என்றே எழுதியிருந்தான். ஆழ்ந்த வாசிப்பு. இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டேன்.

நாற்பத்தோராவது தாள் அந்தப் பெண்ணுடையது. அதில் இப்படி இருந்தது: 'இந்த நாவலில் கடிகாரமே இல்லை. ஜன்னல்கள் இருக்கின்றன. பதினேழு இடங்களில் யாரோ ஒருவர் ஜன்னலைச் சாத்துகிறார். ஒருவர்கூடத் திறப்பதில்லை. பெரியப்பா இறந்த பிறகுதான் அந்த வீட்டில் முதல் ஜன்னல் திறக்கிறது. திறப்பவர்தான் கொலையாளி.'

அன்றுதான் நாவலை வாங்கிப் படித்தேன். பென்சிலால் எண்ணிக்கொண்டே போனேன். பதினேழு. கடைசிப் பக்கம் முடிந்தபோது எனக்கு மூச்சு நன்றாக வந்தது. உண்மையிலேயே பெரிய எழுத்து. பிறகு அவள் தாளை எடுத்துப் பூஜ்யம் போட்டேன். யோசித்துப் பாருங்கள், அவளுக்கு மதிப்பெண் கொடுத்தால் மற்ற நாற்பது பேரின் நிலைமை என்ன? ஆசிரியர் என்றால் பெரும்பான்மையைப் பார்க்க வேண்டும்.

நோட்ஸ் இரண்டாம் பதிப்புக்கு வந்தபோது புதிதாக ஏதாவது கேட்டார்கள். ஜன்னல்களைச் சேர்த்தேன். அவள் வாக்கியங்களில் கை வைக்க மனம் வரவில்லை, அப்படியே போட்டேன். நல்ல எழுத்துக்கு நான் கொடுத்த மரியாதை அது.

அவள் மறுபடி தேர்வு எழுதினாள். கேள்வி அதேதான், நல்ல கேள்விகளை யாரும் மாற்றுவதில்லை. பதிலும் அதேதான். இந்த முறை திருத்தியவர் என் நோட்ஸோடு ஒப்பிட்டு, வரிக்கு வரி காப்பி என்று உங்களுக்கு எழுதிவிட்டார். அவள் தேர்வெழுத மூன்று வருடத் தடை என்கிறீர்கள். போன விசாரணையில், "இது உங்க எழுத்துதானா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அட்டையில் என் பெயர் இருக்கிறதே.

இன்று உள்ளே வரும்போது அவள் அப்பா சீருடையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார்.

"நீங்கதான் சார் பாப்பாவைக் காப்பாத்தணும். உங்க புக்கைத்தான் சார் ராத்திரியெல்லாம் படிச்சிருக்கும்."

பாவம், அவரும் நம்பிவிட்டார். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அவள் காப்பி அடிக்கவில்லை, நான்தான் அடித்தேன். தடையை எடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். இந்த முறையும் கடிகாரத்தைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.