துரை விட்டுப்போன ஆஸ்டின்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கணேசமூர்த்தித் தம்பி. அரசாங்கக் கச்சேரி ஆபீசில் மோட்டார் பிரிவு மேசையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். இந்த மலைநாட்டில் ஓடிய ஒவ்வொரு காரின் நம்பரும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் என்றைக்காவது என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கத்தானே வேண்டும், நான் ஏன் ரோட்டில் அலைய வேண்டும்?

உட்காருங்கள். என் வீட்டுக்காரி இசபெல் தேத்தண்ணி ஊற்றுகிறாள். மழை விட்டதும் போகலாம்.

நீங்கள் வந்த விஷயத்தை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். டிரைவர் சிவசாமிக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. நாளைக் காலை ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு அட்டனில் ரயில் ஏறுகிறான். நாட்டைவிட்டுப் போகிறவன் பெயரில் வாகன வரி பாக்கி இல்லை என்று, இப்போது என் பழைய மேசையில் இருக்கிற நீங்கள் கடிதம் கொடுக்க வேண்டும். அவன் இருக்கிற தோட்டத்து ஷெட்டில் ஓர் ஆஸ்டின் ஐந்து வருடமாகத் துருப்பிடித்து நிற்கிறது. அது அவனுடையது என்றால் ஐந்து வருட வரி, மேலே அபராதம். கட்டாமல் போக முடியாது. அவனுடையது இல்லை என்றால் ஒன்றுமே இல்லை. பைலில் கைமாற்றுப் படிவத்தைக் காணோம். "அப்படி ஒரு படிவம் வரவே இல்லைன்னு நீங்க ஒரு வரி எழுதித் தந்தாப் போதும் சார், அந்த மனுசன் நிம்மதியாப் போயிருவாரு" என்றீர்கள். பெருந்தன்மையான பேச்சு. உங்கள் வயதில் பெருந்தன்மைக்குக் கைக்காசு செலவாவதில்லை.

எழுதித் தருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் விஷயம் உங்களுக்கு முழுசாகத் தெரியட்டும்.

சுதந்திரம் கொடியேற்றத்தோடு வந்தது என்பார்கள். என் மேசைக்கு அது துரைமார் சீமைக்குக் கப்பல் ஏறினபோதுதான் வந்தது. பங்களாச் சாமானை ஏலம் போட்டார்கள். நாய்க்கு டாக்டர் சான்றிதழ் வாங்கினார்கள். மீன்பிடிக்கிற தடியைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். காரை மட்டும் வாழைப்பழத் தோலைப் போடுவதுபோல் போட்டுவிட்டுப் போனார்கள். பதிவு யார் பெயரில், வரி யார் கட்டுவது, ஓடுகிறதா நிற்கிறதா, ஒரு வரி எழுத மாட்டார்கள். கப்பல் கொழும்பைத் தாண்டினால் சட்டம் கரையில் நின்று கைகாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

விதி ரொம்ப எளிது. காரைக் கொடுத்தால் கைமாற்றுப் படிவம். நிறுத்தி வைத்தால் ஓடவில்லை என்று ஓர் அறிவித்தல். இரண்டும் இல்லாவிட்டால் ஆள் கென்யாவில் இருந்தாலும் வரி இங்கே ஏறிக்கொண்டே இருக்கும். நான் அவர்களை விட்டதில்லை. பட்டிப்பொல ஸ்டேஷனில் ஒரு துரையை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கினேன். அவருடைய துரைசாணி அழுத கண்ணீருக்கு என்னிடமிருந்த மையொற்றுத்தாள் இரண்டும் போதவில்லை. ஒரு கப்பல் என் கையெழுத்துக்காகத் துறைமுகத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்தது. நான்கு மணி நேரம்தான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. கப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏணியில் இறங்கி வந்தார் என்பது மட்டும் நான் பின்னால் சேர்த்தது. என் மேசைக்கு எதிரே நாற்காலி ஒன்று உண்டு. துரை வருகிறார் என்று தெரிந்தால் அதன்மேல் பைல்களை அடுக்கிவிடுவேன். அவர்கள் நின்றார்கள். நிற்பது அவர்களுக்குப் பழக்கமில்லை, ஐந்து நிமிடத்தில் முழங்கால் ஆடும்.

ஹாலட் துரை ஐம்பத்தொன்பது பெப்ரவரியில் போனார். மற்றவர்களைவிட மோசமானவர், ஏனென்றால் நல்லவர். காரைத் தன் டிரைவர் சிவசாமிக்கே கொடுத்துவிட்டார். எப்படிக் கொடுத்தார் என்று கேளுங்கள். ஒரு காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

தோட்டத்தில் எல்லாமே துண்டில்தான் நடக்கும். அரிசிக்குத் துண்டு, மருந்துக்குத் துண்டு, அக்காள் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டுமென்றால் அதற்கும் துண்டு. துரை கிறுக்கினால் ஸ்டோர்க் கதவு திறக்கும். நூறு வருடம் அதிலேயே வாழ்ந்த சனம், தோட்டத்துக் கேட்டுக்கு வெளியேயும் அந்தப் பென்சில் செல்லும் என்று நம்பியது. கையில் துண்டை வைத்துக்கொண்டு கவர்மெண்ட் ஆபீஸ் படி ஏறுகிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

சிவசாமி அப்படித்தான் வந்தான். துரையுடைய பழைய கோட்டு, தோள் இரண்டும் தொங்குகிறது. பகல் நேரம், ஆபீஸ் நிறைய ஆட்கள். துண்டை என் மேசையில் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் தடவி நேராக்கினான்.

"இன்னாசி அண்ணே, என்னையத் தெரியலையா? அஞ்சாம் லயத்துச் சிவசாமி. ஒங்கம்மா ஜோசப்பினக்காவும் எங்கம்மாவும் ஒரே மலையில கொழுந்தெடுத்தவங்கதானே. இந்தா பாருங்க, காரு இனிமே எனக்குத்தான்னு துரை எழுதிக் குடுத்துட்டாரு. ஒரு நாளைக்கு ஒங்களையும் ஏத்திக்கிட்டு லயத்துக்கு ஒரு சுத்து போய்ட்டு வருவோம்ணே."

பக்கத்து மேசையில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அந்த ஆபீசில் என் பெயர் இக்னேசியஸ். கடற்கரைச் சிலாபத்துப் பக்கத்து ஆள் என்று பேச்சு. நான் அப்படிச் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை. நாற்பத்தெட்டில் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துச் சனம் நாடில்லாதவர்கள் ஆனதற்குப் பிறகு, தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தேன் என்று கச்சேரிக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறவன் சீக்கிரத்தில் வேறு வேலை தேட வேண்டிவரும். இதையெல்லாம் ஒரு பின்னணிக்காகச் சொல்லுகிறேன். பிறகு நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் அவனிடம் மரியாதையாகத்தான் பேசினேன். துண்டு செல்லாது, துரை கையெழுத்துப் போட்ட கைமாற்றுப் படிவம் சீமையிலிருந்து வரவேண்டும், அது வந்து நான் பதிந்தால்தான் உன் பெயரில் காருக்கு வரி லைசன், அதுவரைக்கும் கார் ரோட்டில் இறங்கக்கூடாது என்றேன். வெறும் படிவம் ஒன்றையும் கொடுத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரைக்கொண்டு கடிதம் எழுதிச் சீமைக்கு அனுப்பினான் என்று பிறகு கேள்வி. "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, துண்டைத் திருநீற்றுப் பொட்டலம்போல் மடித்து வைத்துக்கொண்டு போனான். வாசல்வரைக்கும் போய், திரும்பி நின்று, "வர்றேண்ணே" என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னான்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணி, தூறல். வருடத்துக்கு ஒருமுறை வருகிற ரோட்டுப் பரிசோதனைக்காக வட்டவளைக்கு மேலே ஒரு வளைவில் பொலிஸ்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு லைசன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்டின் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. நான் கையை நீட்டினேன். நின்றது.

பின் சீட்டில் அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணு, மருத்துவச்சியின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். வயிறு தெரிந்தது. சீட்டு நனைந்திருந்தது.

"நல்லவேளை நீங்க நிக்கிறீங்கண்ணே" என்று இறங்கி ஓடிவந்தான். "நேத்துலருந்து வலி. பிள்ளை குறுக்க நிக்குதாம். தோட்டத்து லொறி கொழும்புக்குப் போயிருச்சு. டிஸ்பென்சர் ஐயா ஆஸ்பத்திரிக்குத் துண்டு குடுத்திருக்காரு, பாருங்க."

"இன்னொரு துண்டா" என்றேன்.

நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை.

"லைசன் எங்கே?"

"அதான் சீமையிலருந்து காயிதம் வரணும்னீங்களேண்ணே. வந்துருச்சாண்ணே?"

இங்கே கேள்வி கேட்கிறவன் நான் என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தேன். மூன்று பிரதி, நடுவே கார்பன் தாள். ஈரத்தில் கார்பன் சரியாகப் பிடிக்காது, அழுத்தி எழுதவேண்டும். பொனட்மேல் என் தோல்பையை வைத்து, அதன்மேல் வைத்து எழுதினேன். பிறகு பையை எடுத்துவிட்டுப் பொனட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் நம்பரைப் பார்த்தேன். அது அவசியமில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது, கட்டத்தை வெறுமையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

மருத்துவச்சி கண்ணாடியை இறக்கினாள். "சாமி, எழுதுறத ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு எழுதுங்க. இவன் எங்கயும் ஓடிற மாட்டான். நான் பிணை நிக்கிறேன்."

"உனக்கு என்ன சொத்து இருக்கிறது, பிணை நிற்க?" என்றேன்.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிக்கொண்டே, "யன்ட தென்ட மாத்தயா" என்றார். போக விடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். பாவம், நல்ல மனுசன், அதனால்தான் இருபது வருடமாகக் கொன்ஸ்டபிளாகவே இருந்தார்.

சிவசாமி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். அண்ணே, அண்ணே. பதினேழு தடவை. துரைமாரின் கண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன், இந்தக் கணக்கில் ஒன்றுகூடக் கூட்டவில்லை. பின் சீட்டிலிருந்து வந்த சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு துரையின் கோட்டைக் கழற்றித் தரையில் போட்டான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், உத்தரவு குடுங்க சார். நீங்க யாருன்னு தெரியாமப் பேசிட்டேன். ஒங்கள நான் இதுக்கு முன்ன எங்கயும் பாத்ததில்ல சார்."

புத்திசாலிதான், கொஞ்சம் தாமதமாக விளங்கிக்கொண்டான். உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

குழந்தையை எடுத்துவிட்டார்கள், பெண் குழந்தை. அம்மாக்கண்ணு ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டாள். அரைமணி நேரம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்மாரிடம் எல்லாருக்கும் கைவசம் இருக்கிற வசனம் அது. ஒரு விசாரணையும் வைத்தார்கள். சீமையிலிருந்து படிவம் ஏதும் வந்ததா என்று கேட்டார்கள். வரவில்லை என்றேன். கடமையைச் செய்த அதிகாரி என்று எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு சிவசாமி அந்தக் காரைத் தொடவில்லை. ஷெட்டில் விட்டுவிட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் பென்ஷனுக்கு வந்த வருடம் கந்தப்பளைச் சந்தையில் எதிரே வந்தான், இடுப்பில் அந்தப் பிள்ளை. "சார்" என்று ஒதுங்கி வழிவிட்டான். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அவன் அதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட ஒரு வரிக்கு வருவோம். படிவம் வரவே இல்லை என்று விசாரணையில் ஒருமுறை வாயால் சொன்னேன். அது பேச்சு, காற்றோடு போய்விட்டது. கையெழுத்துப் போட்டு எழுதித் தா என்றால் முடியாது. ஆபீஸ் தாளில் பொய் எழுதியவன் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது.

அந்த அலுமாரியின் கீழ்த்தட்டில் தோல்பை இருக்கிறது, எடுங்கள். நடுவறை. இந்தாருங்கள்.

ஹாலட் துரையின் கையெழுத்து. எடின்பரோ தபால் முத்திரை. மூலையில் எங்கள் ஆபீஸ் முத்திரை, வந்த திகதி ஐம்பத்தொன்பது மார்ச் இருபத்து நான்கு. பக்கத்தில் இருப்பது என் இனிஷியல். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நான்கு வாரம் முன்னால். வந்த அன்றே நான் பதிந்திருந்தால் மறுநாள் லைசன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அந்த வளைவில் மழையில் நான் ரிப்போர்ட் எழுதினபோது அடியில் கொடுத்திருந்த பைக்குள் இதுதான் இருந்தது. ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருக்கிறார், பாருங்கள். துரைமார் நிரப்பி நான் பார்த்த ஒரே ஒழுங்கான படிவம்.

தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள். என்னைப் பற்றி நீங்கள் என்ன எழுதினாலும் எனக்குக் கவலை இல்லை. அறுபது தாண்டியவனின் பென்ஷனில் எவ்வளவு வெட்டிவிடுவார்கள்? ஆனால் திகதியைக் கவனியுங்கள். இந்தப் படிவத்தின்படி மார்ச் இருபத்து நான்கிலிருந்து அந்த ஆஸ்டின் சிவசாமிக்குச் சொந்தம். அன்றைக்கு அவன் பெண்டாட்டியைக் கொண்டுபோனது அவனுடைய சொந்தக் காரில். ஆகவே ஐந்து வருட வரியும் அவனுடையது, அபராதமும் அவனுடையது. ஓடவில்லை என்று ஓர் அறிவித்தல்கூட அவன் தரவில்லை.

ரயில் காலை எட்டரைக்கு என்றீர்கள். இந்த மழையோடேயே கிளம்பினால் அவனை லயத்திலேயே பிடித்துவிடலாம். பிள்ளையைக் காட்டி அழுவான். பாவம், லயத்து மனுசன் என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒருநாளும் ஆள் பார்த்து நடந்ததில்லை.