மாத்திரைக்கு முன் ஒரு கோப்பை

தோடம்பழத் தோலின் உட்புற வெள்ளையைச் சுத்தமாகச் சீவி எடுக்காவிட்டால் பானம் கசந்துவிடும், சேர். அவசரக்காரர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். அந்தத் தோலோடு இஞ்சி, மிளகு, மஞ்சள், கறுவாப்பட்டை எல்லாவற்றையும் முதலில் கொதிக்கவிட வேண்டும். ஆறிய பிறகுதான் தோடம்பழச் சாறும், புளிப்புக்குத் தேசிக்காய்ச் சாறும். கடைசியில் இனிப்புக்குக் கொஞ்சம் கித்துள் பாணி. நீங்கள் மரண விசாரணைக்கு வந்தவர், சமையல் கேட்க வரவில்லை என்பது தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

பெரியப்பா பாலசுப்பிரமணியம் பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவர். வாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்த பிறகு கடையை மூடிவிட்டார். பெரியம்மா இல்லை. பிள்ளைகள் கனடாவில். என் அப்பா, அம்மா நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதால், கல்லூரிக்குப் போக வசதி என்று என்னை இந்த வீட்டில் விட்டார்கள். யாருக்கு வசதி என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. குளிப்பாட்ட நான், கக்கூசுக்குத் தூக்கிப் போக நான், எண்ணெய் தேய்க்க நான். "அப்பாவ நல்லாப் பார்த்துக்க, தினுஷன்" என்று வீடியோவில் வந்து சொல்ல அவர்கள். வேலையைப் பங்கு போட்டுத்தான் செய்தோம்.

அவருக்கு உடம்பு தெம்பாகட்டும் என்றுதான் பானம் போட்டேன். முதல் கோப்பையை முகர்ந்து பார்த்தார்.

"இதுல தேசிக்கா இருக்காடா?"

"இருக்கு பெரியப்பா."

"அப்ப இன்னைக்கு பிரஷர் மாத்திரை வேணாம். புளிப்பு மருந்த முறிச்சிடும்."

எங்கள் வீடுகளில் இப்படித்தான். நாட்டு மருந்துக்கு உள்ள பத்தியத்தை ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் சேர்த்தே வைத்துவிடுவார்கள். இந்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னபோது, பெரியப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். படிப்பதும் உயிரியல். திருத்திச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் களைப்பாக இருந்தது. பெரியவர்களோடு வாதாடுவது மரியாதையும் இல்லை.

மறுநாளும் "ஊத்துடா, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஊற்றினேன். பிறகு மாத்திரை நேரத்துக்குச் சற்று முன்னாலேயே கொடுக்கத் தொடங்கினேன். அவருக்குக் குழப்பம் இல்லாமல் போயிற்று.

இடையில் சந்தையில் தேசிக்காய் இல்லாமல் போனது. தேசிக்காய் இல்லாத பானத்தைக் குடித்துவிட்டு அவர் மாத்திரையைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன், மறுக்கவில்லை. அடுத்த நாள் வகுப்பை விட்டுவிட்டு பஸ் ஏறி மொனராகலைக்குப் போய் ஒரு பை தேசிக்காய் வாங்கி வந்தேன். பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டுதான் போனேன். யார் இந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள்?

பிறகு ஒருநாள் சொன்னார், "பின்மண்டை விண்ணு விண்ணுனு வலிக்குதுடா."

"இன்னொரு கோப்பை போடவா பெரியப்பா?"

"போடு. நீதாண்டா எனக்குப் புள்ள. அதுங்க எல்லாம் சும்மா படம் காட்டுதுங்க."

குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மரண வீட்டில் பக்கத்து வீட்டு பரிமளம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்ததுங்க கூட இப்படிப் பார்க்காதுப்பா" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

அலமாரியில் மாத்திரைப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடப்பதால்தானே கேட்கிறீர்கள். நிறுத்தச் சொன்னேனா? ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியுமா? முதல் நாளே தெரியும். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தேசிக்காய் சேர்க்காமல் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருக்கலாம். அந்த ருசி வராது, சேர். கடைசிக் காலத்தில் அந்த மனுஷனுடைய வாய்க்கு ருசியாகக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். அதையும் சேர்த்து எழுதுங்கள்.