பெட்டிக்குப் புதுசு ஏத்தின மருமகன்

ஓம் தம்பி, அதுதான். மேசைக்குக் கீழ கறுப்பா நிக்கிற பெட்டி. மேல கிடக்கிற துணிய எடுத்துட்டுப் பாருங்க. ஆ, அந்தக் கதிரையில இரிக்காதீங்க, கால் ஆடும். அது எங்கட மருமகன் திருத்தின கதிர. இந்தா, இதுல இரிங்க.

உங்களுக்குப் போன்ல கோல் எடுத்ததும் அவர்தானே? என்னெண்டு சொன்ன? தன்ட கைப்பிழையாலதான் பழுதாப்போன எண்டா? அப்பிடியே வாயால சொன்னாரா? மாஷா அல்லாஹ். வேற என்னத்துல கெட்டித்தனம் இரிக்கோ இல்லையோ, பிழைய ஒத்துக்கிறதுல எங்கட முர்ஷித் மருமகன அடிக்க இந்தக் கல்முனையில ஆளில்ல.

பாண்டிருப்பு எண்டுதானே சொன்னீங்க? கணக்குப் படிப்பிச்ச நல்லரெத்தினம் சேர் உங்களுக்கு என்ன முறை? பெரியப்பாவா? அப்ப சரி, நல்ல ஆக்கள். என்ட மகள் ஹுஸ்னியா அவரிட்டத்தான் படிச்ச. இப்ப அவளும் கணக்கு டீச்சர், படிப்பிக்கத்தான் போயிரிக்காள். அவள் கெம்பசில படிக்கக்குள்ள அவள்ட வாப்பா வாங்கிக் குடுத்த கொம்பியூட்டர்தான் இது. காலிதீன் ஹாஜியார் எண்டா சவளக்கடையில வயல் செய்ற ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். மனிசன் மௌத்தாப் போனாரு. பெட்டி ஓடிட்டுத்தான் இருந்த, ஒரு நாள் சளி தடிமன் எண்டு படுக்கல்ல. மருமகன்ட கை படுற வரைக்கும்.

இண்டைக்கே வேணும் எண்டு சொன்னாரா? சொல்லுவார், சொல்லுவார். நாளைக்குக் காலையில ஹுஸ்னியாக்கு இண்டவியூ. மாலைதீவுல ஒரு பள்ளிக்கூடம். அங்கால இருந்து அவங்க பாப்பாங்களாம், இவள் இஞ்ச இருந்து ஒரு பாடம் படிப்பிச்சுக் காட்டணுமாம். அதுக்கு அவங்க ஒரு புரோகிராம் அனுப்பிரிக்காங்க. போன்ல அது ஓடாதாம், பழைய விண்டோசிலயும் ஓடாதாம். இரவல் ஒண்டுக்கும் நாயாப் பேயா அலைஞ்சாங்க, ஒருத்தரும் தரல்ல. நாளைக்கு இந்தப் பெட்டி கண் முழிக்காட்டி வேல போன மாதிரித்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இவள் இல்லாட்டி இன்னொருத்தி.

மாலைதீவு எண்டா என்ன தம்பி? கடலுக்கு நடுவுல நாலு தென்ன மரம். நமக்கு இஞ்ச கடல் இல்லையா? தென்ன இல்லையா? பின்னால ஒழுங்கையால நடந்தா கடல். அங்க போய்த்தான் பாக்கணுமாம். தனியப் போறல்ல, அதுதான் பெரிய புதினம். புருசனும் கூடப் போறாராம். பஜாருல ஒரு புடவைக் கடையில கணக்குப் பாக்கிற வேல இவருக்கு. அத உட்டுட்டுப் பொண்டாட்டிக்குப் பின்னால பெட்டி தூக்கப் போறார். அங்க போய் என்ன செய்வீங்க எண்டு கேட்டா, தேடிப் பாக்கலாமாம். கேக்கவே எனக்குப் பத்திட்டு வருகுது.

நேர கேக்கிறல்ல. மருமகனோட நான் நேர கதைக்கிறல்ல தம்பி, அது முறையில்ல. மகளிட்டத்தான் சொல்ற. சத்தமாச் சொன்னா அவருக்கும் கேக்கும், அடுத்த அறையில தானே இரிப்பார்.

எங்கட பக்கம் பொம்புளப் புள்ள ஊட்ட உட்டுப் போறல்லையே. மாப்பிள்ளதான் பொண்ணுட ஊட்டுக்கு வாற. உங்கட பாண்டிருப்பிலயும் அதானே வழக்கம்? ஓம், அதான். இந்த ஊடு ஹுஸ்னியாட பேருல எழுதினது. சவளக்கடை வயல்ல பாதிய வித்து, மனிசன் வெயிலுக்குள்ள நிண்டு கட்டின ஊடு. முன் ஊட்ட அவளுக்கு உட்டுட்டு நான் அந்தா, குசினியோட ஒட்டின அறையில இரிக்கன். ஒருத்தரும் தள்ளல்ல, நானாத்தான் போன. புள்ள முன்னால, உம்மா பின்னால, ராவைக்கு இருமினா கேக்கிற தூரம். அதுக்குத்தானே ஊடு கட்டிக் குடுக்கிற? மாப்பிள்ள எண்டு வாறவர் வந்து வாழணும். இவர் சாய்ந்தமருதுல இருந்து ஒரு சூட்கேசோட வந்தவர். அந்த சூட்கேசத்தான் இப்ப அலுமாரிக்கு மேலால இறக்கித் தூசு தட்டுறார்.

தேத்தண்ணி குடிங்க, ஆறுது. சீனி காணுமா? கேட்டு வாங்குங்க, வெக்கப்படாதீங்க. எங்கட மருமகனுக்குச் சீனி கூடாதாம். நோய் வருத்தம் ஒண்டும் இல்ல, சும்மாதான் கூடாதாம். நல்ல வயசுல சீனி வேணாம் எண்டு சொல்ற ஆம்புளைய நான் எப்பிடி நம்புற, சொல்லுங்க பாப்பம்.

இத எப்பிடிச் செஞ்ச எண்டா கேக்கீங்க? கேளுங்க, கேட்டுட்டுச் சிரிங்க. ஒரு கிழமையா யூடியூப் பாத்த மனிசன். தொழில் தெரிஞ்சவன் எதுக்கு யூடியூப் பாக்கிற? பஜாருல கொம்பியூட்டர் கடை வெச்சிரிக்கிற ஸிராஜ் வந்து பாத்துட்டு, இதுல புது விண்டோஸ் ஏறாது, பேசாம வேற பெட்டி வாங்குங்க எண்டு சொல்லிட்டுப் போனான். தொழில்காரன் சொல்றான். இவர் கேட்டாரா? உள்ளுக்குள்ள ஒரு சிப் இரிக்காம், அது நிப்பாட்டிக் கிடக்காம், அத ஓன் பண்ணி உட்டா ஏறுமாம். ஹுஸ்னியாவும் வாயப் புளந்து கேட்டுட்டு நிண்டாள். புருசன் விஞ்ஞானி எண்டு நெனப்பு.

மறுகா பெட்டியக் கழட்டித் தூசு எடுத்த. என்னத்தால? ஹுஸ்னியா முகத்துக்குப் பவுடர் போடுற பிரஷ்ஷால! அவள் ஏசல்ல, சிரிக்காள். நான் அவள்ட வாப்பா உடுக்கிற சேட்டுல ஒரு நாள் அடுப்புத் துடைச்சதுக்கு மூணு நாள் சோறு தின்னாம இருந்த மனிசன் அவர். இது அப்பிடி இல்ல, இது காதலாம்.

பொறவு உள்ளுக்குக் கிடந்ததெல்லாத்தையும் வேற ஒரு சின்னப் பெட்டியில கொப்பி பண்ணின. கலியாணப் படம், ஹுஸ்னியாட பாடங்கள், அவள்ட வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் எடுத்த படம், ஒண்டும் உடல்ல. ஏனாம் எண்டு நான் மகளிட்டக் கேட்ட. பழுதானாலும் இது தப்பும் உம்மா எண்டாள். பழுதாகும் எண்டு முதல்லயே தெரிஞ்ச ஆள் எதுக்கு அதுல கை வெக்கிற? தன்ட வேலையில தனக்கே நம்பிக்க இல்ல. இப்பிடி ஒரு ஆம்புளய நான் கண்டதில்ல.

சட்டம் வேற போட்ட. அது ஏறி முடியும் மட்டும் உடுப்புத் தேய்க்கிற ஐயன் போடக்கூடாது, தண்ணி மோட்டர் போடக்கூடாது, கரண்ட் லைன் விழுந்துடும். எனக்குச் சட்டம்! இந்த ஊட்டுக்குக் கல் சுமந்தவளுக்கு! சரி, ஊடு மகள்ட. மோட்டர் என்டதானே?

என்ன தம்பி, டோச் அடிச்சிப் பாக்கீங்க? பொருள் ஒண்டும் எரியல்லையா? நல்லாப் பாருங்க, எரிஞ்சிருக்கும். எரிஞ்ச மணமும் இல்லையா? ம்.

கரண்ட் போனயா எண்டா? முந்தநாள் கரண்ட் போகல்லையே. அடுத்த ஊட்டுல டீவி கத்திட்டுத்தான் இருந்த. யூபிஎஸ்சா? அந்தா அதுதான், மேல பூச்சாடி நிக்கி. பெட்டரி செத்துக் கனகாலம். அதையும் மாத்தணும் எண்டு மருமகன் சொல்லிட்டுத்தான் இருந்த. எல்லாத்தையும் சொல்லுவார்.

அந்தச் சின்னத் துண்டப் பெட்டியில குத்தி என்ன செய்யப் போறீங்க? ஆ, அதுலயிருந்து முழிக்க வெக்கிறயா. வெளிச்சம் வருகுதே. என்னமோ எழுத்து ஓடுது. அதுல என்ன கிடக்கு, வாசிச்சுச் சொல்லுங்க.

சாமான் எல்லாம் அப்பிடியே கிடக்கா? ஒண்டும் அழியல்லையா? திருத்தலாமா? இண்டைக்கேயா? ஒரு நாள் ரெண்டு நாள் எடுக்காதா? உங்கட கடைக்குக் கொண்டு போய் வெச்சிப் பாருங்களன், ஆறுதலா. தேவையில்லையா. ஒரு மணித்தியாலம் காணுமா.

அப்ப ஸிராஜ் ஏறாது எண்டு சொன்ன? ஏறிட்டுத்தான் இருந்ததா? அந்தச் சிப்பு? அதுவும் சரியாத்தான் செஞ்சிரிக்காரா? முக்கால்வாசி ஏறி, கரையில வந்து நிண்டதா. எல்லாம் சரி, நடுவுல கரண்ட நிப்பாட்டினது மட்டுந்தான் பிழை. அப்பிடியா.

ஏன் சிரிக்கீங்க?

ஆர் மடையன்?

தம்பி, கதைய அளந்து கதைங்க. ஆரப் பாத்து மடையன் எண்டு சொல்றீங்க? நான் சொல்லுவன், நான் மாமி. என்ட ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளைய நான் விடியத் துவங்கி ராவு மட்டும் சொல்லுவன். நீங்க வெளியால இருந்து வந்த ஆள். வந்தமா, திருத்தினமா, போனமா எண்டு இரிக்கணும். என்ட தேத்தண்ணியக் குடிச்சிட்டு என்ட மருமகன மடையன் எண்டு சொல்ல உங்களுக்கு என்ன துணிவு!

அவர் நிப்பாட்டல்ல.

அவரிட்டக் கேட்டீங்க எண்டா, தன்ட கால் பட்டுச் சுவிச்சு நிண்ட எண்டுதான் சொல்லுவார். ஹுஸ்னியாவிட்டயும் அதத்தான் சொன்ன. யா அல்லாஹ், அண்டைக்கு அவள் ஏசின ஏச்சு! பொறுப்பில்லாத மனிசன், என்ட கனவுல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க எண்டு அழுது அழுது ஏசினாள். அந்த வாயால அப்பிடிக் கதைப்பாள் எண்டு நான் நெனைக்கல்ல. இவர் கையக் கட்டிட்டுக் கேட்டுட்டு நிண்ட. நானும் அடுத்த அறையில இருந்து சத்தமாச் சேந்து ஏசின.

நான்தான் தம்பி நிப்பாட்டின.

அவள் டியூசன் வகுப்புக்குப் போன நேரம். அஸர்த் தொழுகைக்கு வாங்கு சொல்லிட்டாங்க, அவர் முகம் கால் கழுவி ஒழு எடுக்கக் கிணத்தடிக்குப் போன. நான் முன் ஊட்டுக்கு வந்து பாத்த. திரையில ஒரு வட்டம் சுத்திட்டு இருந்த. கீழ எழுதிக் கிடந்த, நிப்பாட்ட வேணாம் எண்டு இங்கிலீசுல. நான் ஓஎல் வகுப்பு மட்டும் படிச்சவள், வாசிச்ச. வாசிச்சிட்டுத்தான் செவத்துச் சுவிச்சுல கை வெச்ச. வட்டம் நிண்டா அவளும் நிப்பாள் எண்டு நெனச்ச. மனிசனும் இல்ல, ஒரே ஒரு புள்ள. அவளும் போனா இவ்வளவு பெரிய ஊட்டுல ஆருட சத்தத்தக் கேட்டுட்டு நான் கிடக்கிற?

கிறுகிப் பாத்தா மருமகன் வாசல்ல நிக்கார். முகத்தால தண்ணி வடியுது, தொப்பி கையில. என்னப் பாத்த, என்ட கையப் பாத்த. அவர் ஒண்டும் கேக்கல்ல. தொப்பியப் போட்டுட்டுத் தொழப் பள்ளிக்குப் போயிட்டார். வந்து மகளிட்டச் சொல்றார், என்ட கால் பட்ட எண்டு.

ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நான் பத்துச் சொல்லுக் குடுத்திருப்பன், அதோட மனசு ஆறியிருக்கும். கேக்காம உட்டா என்ன செய்ற? இப்பிடி ஒரு மனிசனோட ஒரு ஊட்டுல எப்பிடி இரிக்கிற? ராவைக்கும் மகள் மூஞ்ச நீட்டிட்டுச் சோறு வெச்சாள், அவர் திண்டுட்டு, உம்மா சாப்பிட்டயா எண்டு அவளிட்டக் கேக்கார். எனக்குக் கேக்குது, அடுத்த அறையில தானே இரிக்கன்.

சரி, என்ன என்னப் பாக்கீங்க? பெட்டியப் பாருங்க. ஏத்துங்க அத. இனி நான் அந்தச் சுவிச்சுப் பக்கமே வர மாட்டன். போகட்டும். போய், தென்ன மரத்துக்குக் கீழ இருந்து அவள் கணக்குப் படிப்பிக்கட்டும்.

பைக் சத்தம் கேக்குதா? அவர்தான். தம்பி, நான் கதைச்சதொண்டும் அவருக்கு முன்னால வாய் தவறியும் வந்துடக் கூடாது. நான் முக்காட்ட இழுத்துட்டுப் பின்னுக்குப் போறன். மாமி மரியாதைக்கு ஒதுங்குறா எண்டு நீங்களும் நெனச்சிட்டு இரிங்க. முந்தநாள்ல இருந்து அந்த மனிசன்ட முகத்தப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு.