பாதி வழியில் திரும்பிய படகு

"ஹலோ... ஆமா சார், இந்திராணிதான்... இல்ல சார், படகு இன்னும் கட்டித்தான் கெடக்கு. நீங்கதானே கட்டச் சொன்னீங்க?"

இது எத்தனையாவது அழைப்பு என்று எண்ணுவதைப் படகுத்துறை எழுத்தர் இந்திராணி விட்டுவிட்டாள். காலையில் சாத்தம் தீவுத் துறையிலிருந்து அக்கரையிலுள்ள பாம்பூபிளாட்டுக்குப் படகை அனுப்பிய அதிகாரி கிருஷ்ணமூர்த்தி, ஒரு கறுத்த மேகத்தைக் கண்டதும் சிவப்புக் கொடியை ஏற்றச் சொன்னார். கொடியைப் பார்த்துப் படகு பாதி வழியில் திரும்பியது. அவரோ நெஞ்சு படபடக்கிறதென்று குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார். அவர் வாயால் சொல்லாமல் கொடி இறங்காது. அது துறையின் வழக்கம். 'சரி' என்றால் அடுத்த மூச்சில் 'இரு' என்பது அவர் வழக்கம்.

"வானமா? பளிச்சுன்னு இருக்கு சார்... ஆமா, ஆமா, வானிலை ஆபீஸ்லயும் கேட்டுட்டேன். புயலே இல்லேங்கறாங்க... படகோட்டி அருள்நாதனா? எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து, போலாம் போலாங்கறாரு... மறுபடியும் எதுக்கு சார் கேக்கணும்? என்னைக் கேட்டீங்க, பியூனைக் கேட்டீங்க, டீக்கடை நாயரையும் கேட்டீங்களாமே. அவரு டீ போடுறவரு சார்."

ஜன்னலுக்கு வெளியே மெட்ராஸ் கப்பல் புகை விடத் தொடங்கியிருந்தது. இதை விட்டால் அடுத்த கப்பல் அடுத்த மாதம்தான். அதைப் பிடிக்க அக்கரையில் மீன்காரர் செபஸ்தியானின் மகள் லூசி டிரங்குப் பெட்டியோடு காத்திருந்தாள். மெட்ராஸில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய இந்திராணிக்கு அந்தக் காத்திருப்பு புதிதல்ல.

"மெயின்லாண்டுக்குத் தந்தி குடுக்கவா? பதில் வர்றதுக்குள்ள கப்பல் நடுக்கடல்ல நிக்கும்... தெரியும் சார், போன வருஷம் படகுல தண்ணி ஏறுச்சு. விசாரணையில உங்கள நிக்க வச்சுக் கேள்வி கேட்டாங்க. அன்னையிலேர்ந்து நீங்க கடலப் பாக்கறதில்ல சார். உங்க நெஞ்சத் தொட்டுப் பாத்துட்டுக் கொடி ஏத்துறீங்க."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"கேக்குதா சார்?... கோவிச்சுக்கங்க, பரவால்ல. பயப்படுங்க, அதுவும் தப்பில்ல. பயந்துக்கிட்டே ஒரு முடிவச் சொல்லுங்க. காலைல படகு வர்றதப் பாத்து அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிட்டு எந்திரிச்சிருப்பா. அப்புறம் படகோட முதுகப் பாத்துருப்பா... நானா? நான் எப்பிடி சார் முடிவு பண்றது? அந்த நாற்காலி உங்களுது..."

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சார்?... இன்னொரு தடவ சொல்லுங்க... கொடிய எறக்கலாமா?... அச்சா சார். எறக்கறேன்... என்னது, இரு..."

இந்திராணி ரிசீவரைத் தாங்கியில் வைக்கவில்லை. மேஜைமேல் குப்புறக் கிடத்திவிட்டு வெளியே போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள். அருள்நாதனின் எஞ்சின் உறுமியது. உள்ளே, கிருஷ்ணமூர்த்தி மேஜையிடம் பேசிக்கொண்டிருந்தார்.