நாலு ஸ்பீக்கரும் ஒரு மாமனாரும்

சத்தத்தை முழுக்கத் திருகி, புது ஸ்பீக்கரை ஒரே நாளில் எரித்தவன் நான். ஆகவே அரியலூர் பஸ்ஸில் முன் சீட்டுப் புதுமாப்பிள்ளை, மடியில் பாட்டு நின்றுபோன ஆம்ப்ளிஃபையரோடு பக்கத்து ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் புலம்பியதை அக்கறையாக ஒட்டுக்கேட்டேன்.

"மாமனார் சீரா குடுத்ததுங்க. நாளைக்கு ஆடிக்கு அழைக்க வராரு."

"எத்தன ஸ்பீக்கர் மாட்டுனீங்க?"

"தெரு பூரா கேக்கட்டுமேன்னு நாலுங்க."

"நாலையும் ஒண்ணாக் கோத்தா அத்தன கரண்டுக்கு அது எங்க போவும்? ஒரு மோட்டார வச்சு நாலு கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சுவீங்களா?"

"நாளைக்குள்ள சரியாயிடுமா? பாட்டு எங்கன்னு கேட்டா மானம் போயிருங்க."

"பார்ட்ஸு திருச்சிலேருந்து வரணுமே."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மனைவி, இறங்கும்போது சொன்னார்: "சும்மா வாங்க. எங்கப்பாவுக்குக் காது மந்தம். அதுல வெளக்கு எரிஞ்சாலே பாட்டு ஓடுதுன்னு தலையாட்டுவாரு."