பாதி திரும்பி வந்த பலகாரம்

“கலியாண வீட்டுக்குக் கொண்டு போன பலகாரத்தில பாதியைத் திருப்பித் தந்திட்டினம்.”

வெரிபீக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த அம்மா இப்படிச் சொன்னதும் பக்கத்திலிருந்த சிநேகிதி பதறிப்போனார்.

“ஐயோ அக்கா! மகன்ர வியட்நாம் சம்பந்தம் குழம்பிட்டுதோ?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். தட்டு மூடியையும் கவிட்டு வைச்செல்லோ தந்தினம். எனக்குக் கண் கலங்கிட்டுது. பிறகு மகன்தான் சொன்னவன், அது அவையின்ர மரியாதையாம். மாப்பிள்ளை வீட்டாரை வெறுங்கையோட அனுப்பக்கூடாதாம்.”

அந்த அம்மாவின் மடியில் சிவப்புப் பெட்டி இருந்தது. உள்ளே ஓலையில் பொதிந்த பலகாரங்கள், இரண்டிரண்டாகச் சிவப்பு நூலால் கட்டியிருந்தன.

“ஏன் கட்டிக் கிடக்கு?”

“புருசன் பெண்சாதிப் பலகாரமாம். சோடியைப் பிரிக்கக்கூடாதாம்.”

“மகன் இனி எங்க இருப்பார்?”

“ஸ்பிரிங்வேலில, பொம்பிளை வீட்டோட. பலகாரத்தில பாதியாவது தந்தினம். அவனை முழுசா வைச்சுக்கொண்டிட்டினம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிநேகிதி சிரிக்கவில்லை.

சிநேகிதி இறங்க வேண்டிய ஹொப்பர்ஸ் கிராசிங் வந்தது. அந்த அம்மா பெட்டியை அப்படியே நீட்டினார்.

“பிள்ளையளுக்குக் கொண்டு போங்கோ. என்ர வீட்டில தின்ன ஆர் இருக்கினம்?”

சிநேகிதி வாங்கிக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, ஒரு சோடியை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார்.

“நீங்களும் வெறுங்கையோட போகக்கூடாது, அக்கா. போயிட்டு வாறன்.”

வெரிபீ வரும்வரை அந்த அம்மா நூலை அவிழ்க்கவேயில்லை.