மாத முடிவுக்குள் டெலிவரி

மலைக்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்கள், இன்ஸ்பெக்டர் சார். வண்டியைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். அதிகம் பேரம் பேச மாட்டார்கள். ஏற்காட்டிலிருந்து யார் வந்தாலும், சேலம் ஷோரூமில் மேனேஜரான நானே எழுந்து போய்ப் பேசுவேன்.

ஜெயமேரி டீச்சர் அப்படி வந்தவர்தான். மிஷன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் ஃபெபிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரந்தோறும் டயாலிசிஸுக்குச் சேலம் இறங்க வேண்டும். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறாள் என்று ஒரு ஹைபிரிட் காருக்குப் பதிவு செய்தார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்.

தாமதத்துக்கு நான் காரணமில்லை. கம்பெனி ஹைபிரிட் வண்டிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்புவதில்லை. வந்ததை மாதம் முடிவதற்குள் டெலிவரி கொடுத்தால்தான் அடுத்த மாத ஒதுக்கீடு கூடும். ஒரு வண்டி நின்றுபோனாலும், குறை என்று திரும்பி வந்தாலும், எங்கள் பங்கு கோயம்புத்தூர் ஷோரூமுக்குப் போய்விடும்.

டீச்சருக்கு வந்த வண்டியில் பிரேக் கோளாறைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மெக்கானிக் முருகேசன் உங்களிடம் சொன்னது உண்மைதான்.

"ஏனுங்க சார், பிரேக்குல பிரஷர் நிக்க மாட்டேங்குது. பார்ட் மாத்தாம குடுக்கக்கூடாதுங்க. மலைக்குப் போற வண்டிங்க," என்றான்.

பார்ட் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். அவனை ஆத்தூர் கிளைக்கு அனுப்பிவிட்டு விளக்கை நானே அணைத்தேன். வண்டியில் கம்ப்யூட்டரை இணைத்துக் கோளாறுப் பதிவை அழித்தால் கொஞ்ச தூரத்துக்கு எரியாது.

சாவி வாங்கிய அன்று டீச்சர் என் தலையில் கைவைத்தார். "நல்லாருப்ப சாமி," என்றார். ஃபெபி முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலை ஏற்காட்டிலிருந்து டீச்சரின் போன் வந்தது.

"கண்ணு, செவப்பா ஒரு லைட்டு எரியுது. பிரேக்கு நொம்ப உள்ள போகுது. ஃபெபியக் கூட்டிட்டு எறங்கோணும். எடுக்கலாமா, இல்ல பஸ்ஸுலயே வந்தரட்டுமா?"

நிறுத்தச் சொன்னால் புகார் பதிவாகும். எத்தனையோ குடும்பங்கள் வண்டிக்குக் காத்திருந்தன.

"புதுசுல ஹைபிரிட் அப்படித்தாங்க டீச்சர் இருக்கும். தைரியமா எடுத்துட்டு வாங்க."

"நீ சொன்னாச் செரி கண்ணு."

ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. தாயையும் மகளையும் ஒரே கல்லறையில் வைத்தார்கள். நான் போயிருந்தேன். இந்த வயதில் மலைப்பாதையில் ஏன் ஓட்ட வேண்டும் என்று சிலர் பேசினார்கள். டீச்சர் என்னைவிட நன்றாக ஓட்டுவார் என்பது எனக்குத் தெரியும். துக்க வீட்டில் எதற்கு விவாதம் என்று பேசாமல் இருந்தேன்.

மறுமாதம் ஒதுக்கீடு கூடியது. வந்த வண்டிகளில் ஒன்றில் அதே விளக்கு எரிந்தது. அதையும் அணைத்து, நேற்று மாலை ஏற்காட்டு மலையில் வாழவந்தியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சித்தனிடம் கொடுத்தேன். இரவே மெதுவாக ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி மலரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சேர்வராயன் கோயிலில் பூஜை போட்டுவிட்டு, இன்று மத்தியானம் சேலத்துக்கு இறங்குவதாகச் சொன்னார்.

நீங்கள் வேண்டுமானால் அவருக்கு ஒரு போன் போடுங்கள் சார். நான் கூப்பிட்டால் வண்டியைத் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைப்பார். அத்தனை நாள் காத்திருந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.